பெர்னடீன் தூக்கிய கூரை

பெர்னடீன் பாவ்லாக் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக ஒரு தடவை கைதட்டுவாள். வங்கியானாலும் சரி, பல் டாக்டர் அறையானாலும் சரி. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். பிறகுதான் உள்ளே இருப்பவர்கள் அவள் கண்ணுக்குத் தெரிவார்கள். என் கணவர் இறந்தபோது, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டப்பென்று ஒன்று தட்டினாள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். சாமியார் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அவள் என் காதோரம் குனிந்து, "ரூம் நல்லா இருக்குடி ஸ்டெல்லா. அவருக்குப் புடிச்சிருக்கும்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. அந்த வாரம் முழுக்க நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பத்திரிகைகளில் அவளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒலிக் கலைஞர் என்கிறார்கள், வெளியைச் செதுக்குகிறவர் என்கிறார்கள். படித்தால் யாரோ ஒருத்தியைப் பற்றிப் படிப்பது போல் இருக்கிறது. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் அவள் என்பதையோ, எங்கள் பவுலிங் குழுவிலேயே மோசமாகப் பந்து உருட்டுகிறவள் என்பதையோ எவரும் எழுதவில்லை. நான் அவளுக்கு அடுத்த வீடு. பிறந்ததிலிருந்து அடுத்த வீடுதான். எழுதுவதானால் நான் எழுதினால்தான் சரியாக வரும்.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்த இடம் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் எங்கள் ஊரான பஃபலோவின் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் கோதுமை கொட்டி வைத்த கான்கிரீட் குதிர்கள் இன்னும் நிற்கின்றன, காலியாக. ஒரு கோடையில் அங்கே ஏதோ கண்காட்சி என்றார்கள். பீர் இலவசம் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி எங்கள் பவுலிங் குழு மொத்தமும் கிளம்பிப் போனது. பீரும் இல்லை, ஒன்றும் இல்லை. குதிருக்குள் இருட்டும் புறா எச்சமும்தான். அந்தத் தூசியில் பெர்னடீனுக்குத் தும்மல் வந்தது. தும்மினாள். அது மேலே ஏறிப் போய், சுற்றிச் சுற்றி வந்து, அடங்கவே மாட்டேன் என்றது. நாங்கள் சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். அவளைக் காணவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், நடுவில் நின்றுகொண்டு மூக்கில் கைக்குட்டை முனையைத் திணித்து மறுபடியும் தும்மப் பார்க்கிறாள்.

அதற்குப் பிறகு அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்ட காலிப் பஸ்ஸில் மைக்கையும் ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாலை வகுப்பு, கம்ப்யூட்டர், வயர் என்று வீடு நிரம்பியது. ஒரு அறையைக் கண் ஒரு விதமாகவும் காது வேறு விதமாகவும் பார்க்கிறது, நாம் கண் சொல்வதை மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பாள். நான் தலையாட்டுவேன். பிறகு ஒரு அருங்காட்சியகத்தின் கழிப்பறையில் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்தாள். கதவைச் சாத்தியதும் பெரிய காட்டின் நடுவில் உட்கார்ந்திருப்பது போல் ஆகிவிடுமாம். உள்ளே போனவர்கள் வெளியே வராமல் வரிசை வாசல் வரைக்கும் நீண்டது. டொராண்டோவில் தண்ணீர் வற்றிய நீச்சல் குளத்தைக் கொடுத்தார்கள். இந்த மாதிரிக் கலை என்றால் ஓடிவரும் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் குளத்தின் அடியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் தண்ணீர் இருப்பதாகச் சத்தியம் செய்தார்களாம்.

எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் எதற்கும் போனதில்லை, நான் உட்பட. அவளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவளுடைய அக்கா ஹாலினாவின் வாய்க்குப் பயந்து யாரும் போயிருக்க மாட்டோம். சத்தம் கேட்க டொராண்டோ எதற்கு, தன் வீட்டு பிரிட்ஜ் பக்கத்தில் வந்து நின்றால் போதும், விடிய விடியப் பாடுகிறது என்று ஹாலினா ஊருக்கே சொல்லி வைத்திருந்தாள்.

ஹாலினாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் குரல் எங்கள் தேவாலயப் பங்கின் சொத்து. சின்ன வயதில் கோவில் பாடகர் குழுவில் அவள் பாட ஆரம்பித்தால் ஆர்கன் வாசிக்கிறவர் கையை எடுத்துவிட்டுக் கேட்பாராம். பெரியவளானதும் அந்தக் குரலைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினாள். இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்கு அடியில் இருக்கும் கீழ்க்கூடத்தில் மீன் பொரித்துப் போடுவோம். ஊரே வரும். மீனை யாரும் பொரிக்கலாம். பைரோகி அப்படி இல்லை. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து மாவை மடித்து ஓரம் கிள்ள வேண்டும். ஹாலினா மாவு மேசையின் தலைமாட்டில் நிற்பாள். தடிமனாகத் தேய்த்தவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது, அந்தத் திட்டு. அதனால்தான் எங்கள் பைரோகி பக்கத்துப் பங்குக்காரர்கள் பொறாமைப்படும்படி இருந்தது.

ஒரு இலையுதிர் காலத்தில் ஹாலினா ஒரு துணிக்கடையின் லிப்டில் மாட்டிக்கொண்டாள். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. கதவை நெம்பித் திறந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கூரையைத் தாங்குவது போல் பிடித்துக்கொண்டிருந்தாளாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து தாழ்ந்த கூரைக்குக் கீழே அவளால் இருக்க முடியவில்லை. கூரை இறங்கி வருகிறது என்றாள். வீட்டில் சமாளித்தாள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. காரிலும் முடிந்தது, சுற்றிலும் கண்ணாடி, வெளியே தெரியும். மேலே கோவிலில் ஒரு தொந்தரவும் இல்லை, அது ஆகாயம் மாதிரி உயரம். கீழ்க்கூடம்தான் முடியவில்லை. அதன் கூரை தாழ்வு, கையைத் தூக்கினால் தட்டும்.

இது பெர்னடீனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஊரிடம் ஹாலினா எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டாள். மாவு மேசையில் யாரோடோ சண்டை என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை வந்தால் அவள் கோவில் வாசலில் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். நான் தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கண்ணாடியை இறக்கி வாங்கிக்கொண்டு, பைரோகியை முள்கரண்டியால் குத்திப் பார்த்து, "இத எவ தேச்சா? செருப்புக்கு அடி வைக்கலாம்" என்பாள். பிறகு என்னைப் பார்க்காமல் சாப்பிடுவாள். பனி பெய்துகொண்டிருக்கும், வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருக்கும். ஊரை அதட்டி வாழ்ந்தவள் காருக்குள் தனியாக மீன் தின்றால் பார்க்க முடியுமா?

அடுத்த தவக்காலத்தில்தான் பெர்னடீன் என் வீட்டுக்கு வந்து, கீழ்க்கூடத்தின் கூரையைத் தூக்கப் போவதாகச் சொன்னாள். அரசாங்க அனுமதி வாங்கினாயா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "காதுக்குத் தூக்கினா போதும்டி. அவள பயமுறுத்தறது கூரை இல்ல. கிட்டத்துல மோதித் திரும்பி வர்ற சத்தம்."

எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன். மேலே கோவிலில் ஒரு ஸ்பூன் விழுந்தால் அந்தச் சத்தம் உயரே போய், நின்று நிதானமாகத் திரும்பும். கீழே விழுந்தால் பட்டென்று விழுந்த இடத்திலேயே செத்துவிடும். கோவிலின் அந்தத் திரும்பும் விதத்தைப் பதிவு செய்து கொண்டுவந்து, கீழே எழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் போர்த்திவிட்டால், கீழே விழும் ஸ்பூனும் கோவிலில் விழுந்தது போல் கேட்கும். சுருக்கமாகச் சொன்னால், மாடியின் உயரத்தைத் திருடிக்கொண்டு வந்து கீழே வைப்பது.

திருடுவதற்குப் பலூன் வேண்டுமாம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோவிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் அவளும் பலூன்களோடு போனோம். பீடத்துக்கு முன்னால் ஒன்றை ஊதி ஊசியால் குத்தினாள். டமார் என்ற சத்தம் மேலே போய் மெதுவாக உதிர்ந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோவிலைப் பார்த்துக்கொள்கிற யூஜின் அப்போது ஏணியில் ஏறி பல்பு மாற்றிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பரலோகத்தில் இருக்கும் அத்தனை புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இறங்கி வந்து பலூன்களைப் பார்த்ததும், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டான். பெர்னடீன் மூச்சு விடாமல் அடுத்ததைக் குத்தினாள்.

யூஜினோடு அவளுக்கு உண்மையான தகராறு வந்தது ஹீட்டரால். கூடத்தில் மைக்குகளைத் தொங்கவிட்டு, குழல்விளக்குகளுக்கு மேலே ஸ்பீக்கர்களை ஒளித்து வைத்து முதல் தடவை போட்டுப் பார்த்தபோது, ஹீட்டரின் உறுமலை மைக் பிடித்துக்கொண்டது. சாதாரணமாகக் காதில் விழாத உறுமல். அதற்குக் கோவிலின் உயரமும் சேர்ந்ததும், கூடத்துக்குள் கப்பல் ஒன்று வந்து நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஹீட்டரை அணைத்துவிடச் சொன்னாள். யூஜினுக்கு அந்த ஹீட்டர் பெற்ற பிள்ளை மாதிரி. மார்ச் மாதத்தில் பஃபலோவில் ஹீட்டரை அணைக்கச் சொல்லும் ஒரே கிறிஸ்தவள் அவள்தான் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனாலும் சம்மதித்தான்.

ஹீட்டரை அணைத்துவிட்டு என்னை நிற்க வைத்துச் சோதித்தாள். நான் நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். காலிக் கூடம், குளிர், நாற்காலிகள். கண்ணை மூடி நாலு அடி நடக்கச் சொன்னாள். என் காலடிச் சத்தம் என்னை விட்டு மேலே போயிற்று. என் கழுத்து தானாக நிமிர்ந்தது. எனக்குக் கூன் விழ ஆரம்பித்து வருஷங்கள் ஆகின்றன, டாக்டர் சொல்லி நிமிராத முதுகு அது. கண்ணைத் திறந்தால் அதே கறை பிடித்த கூரை. மூடினால் ஆகாயம். பெர்னடீனைக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் ஒன்றுக்குக்கூட நான் போகாமல் இருந்திருக்கிறேனே என்று ஆத்திரமாக வந்தது.

ஹாலினாவை அந்தக் காலிக் கூடத்துக்கே கூட்டிவந்து காட்டியிருக்கலாம். அவள் வந்தால்தானே. சோதனை எலி மாதிரி தனியாக வந்து நிற்க மாட்டேன் என்றாள். கூட்டத்தோடு கூட்டமாக வருவாளாம், ஒத்துக்கொண்டால் உட்காருவாளாம், இல்லையென்றால் ஒன்றும் பேசாமல் போய்விடுவாளாம். பிறகு எவரும் அவளைக் கீழே கூப்பிடக் கூடாதாம். "இன்னொண்ணு. இது எனக்காகச் செய்யறன்னு ஒரு ஈ எறும்புக்குத் தெரியக்கூடாது பெர்னி. தெரிஞ்சா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்." பெர்னடீன் சத்தியம் செய்தாள். அவளுக்கு அது கஷ்டமும் இல்லை. தன் வேலையை யாருக்கும் விளக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. விளக்கித்தான் கேட்க வைக்க முடியும் என்றால் அது உருப்படவில்லை என்று அர்த்தம் என்பாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்து பக்கத்து ஏரியிலிருந்து எழும் பனி கொட்டியது. எங்கள் ஆட்கள் பனிக்கா பயப்படுவார்கள்? மேசைகள் நிரம்பின. பின்னால் நிற்கவும் இடமில்லை. நான் பீர் ஊற்றும் மேசையில் இருந்தேன். பெர்னடீன் மூலையில் தன் பெட்டிக்கும் குமிழ்களுக்கும் பின்னால், முதல் பந்தி மீன் வந்ததும் குமிழைத் திருப்பக் காத்திருந்தாள்.

திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் என்றால் ஒன்றும் இல்லை. கூடம் எப்போதும் போல் கூடமாகவே இருந்தது, இன்னும் சொன்னால் முன்னைவிட அமுங்கிப்போய். முள்கரண்டி தட்டில் பட்டால் அந்த இடத்திலேயே செத்தது. பெர்னடீன் என்னைப் பார்த்தாள். குமிழை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். ஸ்பீக்கர்கள் ஒரே குரலில் ஊளையிட்டன. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். பெர்னடீனின் கலைக்கு வயிற்று வலி போல, கொஞ்சம் முட்டைக்கோஸ் குறைத்துப் போடச் சொல்லு என்று யூஜின் கத்தினான். ஒரே சிரிப்பு. அவள் அவசரமாகக் குறைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹாலினா படியில் இறங்கி வந்தாள். கைப்பிடியை விரல்கள் வெளுக்கப் பிடித்திருந்தாள். நல்ல கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, உதட்டுச் சாயம்கூடப் போட்டிருந்தாள். கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றாள். கூரையைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். அவள் தங்கையைத் தேடிக் கண்டுபிடித்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "மூடி போட்ட சட்டி இந்த ரூம்." அவ்வளவுதான். திரும்பி மேலே போய்விட்டாள்.

பெர்னடீன் பெட்டியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் பீர்க் குழாயை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பீர் தரையில் போய்க்கொண்டிருந்தது என்று பிறகுதான் சொன்னார்கள். அவள் தலையைத் தூக்காமலே, காலிக் கூடத்தில் நன்றாக இருந்ததே, நீயே கேட்டாயே என்று முனகினாள். நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்கு என்ன வித்தியாசம் என்று கேட்டேன். குளிரில் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் கேட்டேன். அவள் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தாள். பிறகு என் கோட்டைப் பார்த்தாள். பிறகு கூடம் முழுவதையும் பார்த்தாள்.

ஹீட்டர் இல்லாததால் ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. பஞ்சு வைத்தது, இறகு வைத்தது, எங்கள் ஊர் பில்ஸ் விளையாட்டு அணிப் படம் போட்ட பெருங்கோட்டு என்று கூடம் முழுக்க மெத்தை. ஒரு ஊரின் குளிர்காலம் மொத்தமும் நாற்காலிகளில் உட்கார்ந்து அவளுடைய சத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கழிப்பறைக்கும் நீச்சல் குளத்துக்கும் கோடையில் வேலை செய்தவளுக்கு இது தோன்றியே இருக்கவில்லை. உறுமல் வேண்டாம் என்று ஹீட்டரை அணைத்தாள், அதனால் கோட்டுகள் வந்தன, கோட்டுகள் கோவிலைத் தின்றுவிட்டன. "கழுதை நான்" என்றாள். நான் மறுக்கவில்லை.

கோட்டைக் கழற்றுங்கள் என்று இரண்டு பேரும் மேசை மேசையாகச் சொல்லிப் பார்த்தோம். யார் கேட்பார்கள்? ஹீட்டரைப் போட்டால் கழற்றுகிறோம் என்றார்கள். இது ஏதோ பெர்னடீனின் விளையாட்டு என்று நினைத்துக் கண்ணடித்தார்கள். அப்போது அவள் ஒரு நாற்காலி மேல் ஏறினாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏறாதே என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. ஹாலினாவுக்கு எண்ணெய் ஒத்துக்காம இல்ல. யாரோடயும் சண்டையும் இல்ல. லிப்டுல மாட்டினதுலேருந்து இந்தக் கூரைக்குக் கீழ அவளால இருக்க முடியல. கார்ல உக்காந்து திங்கறா. நான் இந்த ரூம அவ காதுக்கு உசரமாக்கப் பாத்தேன். உங்க கோட்டுங்க அத முழுங்கிடுச்சு. குளிருதுன்னு தெரியும். கழட்டி மேல கோவில்ல வச்சுட்டு வாங்க. அவ்வளவுதான்."

வாயில் வைத்த மீனை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் எழுந்தவன் யூஜின். அவளோடு பேசாமல் இருந்தவன், அவள் கலைக்கு வயிற்று வலி என்று கத்தியவன். பில்ஸ் கோட்டின் ஜிப்பைக் கீழே இழுத்தான். பிறகு மேல்சட்டை, பிறகு கம்பளிச் சட்டை. பனியனும் கால்சட்டையைத் தாங்கும் தோள்வாருமாக நின்றான். அவ்வளவு கழற்ற வேண்டியதில்லை என்று யாரோ சொன்னார்கள். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்றான்.

அப்புறம் கூடம் மொத்தமும் எழுந்தது. கையில் கோட்டைச் சுமந்துகொண்டு வரிசையாகப் படியேறினோம். மேலே போனால், கடைசிப் பெஞ்சில் ஹாலினா உட்கார்ந்திருக்கிறாள், கார் வரைக்கும் நடக்க முடியாமல். ஒவ்வொருவராக வந்து அவளுக்கு முன்னால் பெஞ்சுகளில் கோட்டைக் குவித்துவிட்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, அவளுக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்கள். அவள் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யூஜின் பனியனோடு வந்து நின்றபோது, இது என்ன கூத்து என்று கேட்டாள்.

"உனக்காகத்தான். தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டா. சீக்கிரம் வந்து கேட்டுட்டுப் போ ஹாலினா, எனக்கு முட்டி வலிக்குது."

ஹாலினா எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது. நான் கையைப் பிடிக்கப் பார்த்தேன், உதறிவிட்டாள். படிகளில் தடதடவென்று இறங்கினாள். அவள் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. பின்னாலேயே ஓடினேன். கடைசிப் படியைத் தாண்டி, மேசைகளைத் தாண்டி, நடுக்கூடத்துக்குப் போய் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பெர்னடீன்!"

அந்தப் பெயர் சுவரில் மோதவில்லை. மேலே போயிற்று. குழல்விளக்கையும் கறை பிடித்த கூரையையும் தாண்டி, எங்கோ உயரத்தில் ஒரு கணம் நின்று, அவசரமே இல்லாமல் எங்கள் எல்லோர் மேலும் இறங்கி வந்தது. திட்டு மாதிரியே இல்லை. அவள் சின்ன வயதில் பாடுவாளே, அந்தக் குரல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குளிரால் இல்லை.

ஹாலினா வாயை மூட மறந்து நின்றாள். எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணாந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இந்தத் தடவை மெதுவாக, "பெர்னி" என்றாள். அதுவும் போய்த் திரும்பி வந்தது. யாரும் அசையவில்லை. ஊரே பல்லைக் கிட்டித்துக்கொண்டு, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, அவளைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டு நின்றது.

"சொல்லாதன்னு சொன்னேன்ல."

"சொன்ன" என்றாள் பெர்னடீன் மூலையிலிருந்து.

"பின்ன ஏன் சொன்ன?"

"வேற எப்படிக் கோட்டக் கழட்ட வைக்கறது?"

ஹாலினா சுற்றிலும் பார்த்தாள். நீலம் பாரித்த உதடுகளையும், யூஜினின் பனியனையும், என் நடுங்கும் முழங்காலையும் பார்த்தாள். அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, அதட்டினாள். எல்லோருக்கும் மூளை குழம்பிவிட்டதா, நிமோனியா வந்து மொத்தமாகச் சாகப் போகிறீர்களா, யூஜின் உடனே போய் ஹீட்டரைப் போடு என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் மேலே போய் ஆசீர்வாதம் மாதிரி இறங்கியது.

பெர்னடீன் பதறிப்போய், ஹீட்டரைப் போட்டால் எல்லாம் கெட்டுவிடும், கப்பல் சத்தம் வரும், இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள் என்றாள். யூஜின் அதற்குள் ஓடிவிட்டான். பிள்ளையை எழுப்ப இதைவிட நல்ல சாக்கு அவனுக்குக் கிடைக்குமா? உறுமல் ஆரம்பித்தது. கோவிலின் உயரத்தைப் போர்த்திக்கொண்டு, கப்பல் மெதுவாகக் கூடத்துக்குள் வந்து நின்றது. மேசைமேல் கண்ணாடிக் குவளைகள்கூட லேசாக நடுங்கின. பெர்னடீன் குமிழை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாத, இருக்கட்டும்" என்றாள் ஹாலினா. "கப்பலும் பெருசாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்தாள். தொப்பியை எடுத்தாள். பிறகு கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை நாற்காலி முதுகில் மாட்டினாள். கோட்டைக் கழற்றினால் இருக்கப் போகிறாள் என்று அர்த்தம், எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெர்னடீன் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டு, அந்த மூலையிலேயே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் ஒரு தட்டில் மீனும் பைரோகியும் வைத்துக் கொண்டுபோய் ஹாலினாவுக்கு முன்னால் வைத்தேன். அவள் பைரோகியைக் குத்திப் பார்த்தாள். நல்லவேளை, யார் தேய்த்தது என்று கேட்கவில்லை. நான் தேய்த்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து மாவு மேசையின் தலைமாட்டில் அவள் நிற்கிறாள், பைரோகி பழையபடி மெல்லிசாகிவிட்டது. பெர்னடீன் மைக்குகளை ஹீட்டரின் காற்று வராத பக்கமாக மாற்றிவிட்டாள். கப்பல் போய்விட்டது. யூஜினுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஸ்பீக்கர்களை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, மூலை மேசையில் பேசும் வம்பு இந்த மூலைக்குக் கேட்கிறது என்ற ஒரு புகாரைத் தவிர. அந்தப் புகாரைச் சொன்னவர்களும் மேசை மாறி உட்காரவில்லை. கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் சிலர் கேள்விப்பட்டு வந்து மேசைக்கு அடியில் படுத்துக் கேட்டார்கள். ஹாலினா அவர்களை எழுப்பி மாவு தேய்க்க உட்கார வைத்தாள்.

இன்னும் அவளுக்குச் சுலபம் இல்லை, எனக்குத் தெரியும். படியில் இறங்கி வரும்போது கைப்பிடியை இறுக்கித்தான் பிடிக்கிறாள். கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்று, தங்கையைப் போல் கைதட்டிப் பார்க்கலாம். அது அவளுக்கு வராது. அங்கிருந்தே யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு திட்டுத் திட்டுவாள். அந்தத் திட்டு மேலே போய், நிதானமாகத் திரும்பி வரும் வரைக்கும் காத்திருப்பாள். வந்ததும் உள்ளே வந்து கோட்டைக் கழற்றுவாள். திட்டு வாங்க வசதியாக, நான் படிக்கு நேராகவே பீர் மேசையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.